பதவியைவிடப் பொழுதுபோக்கால் உங்கள் மனதில் நிற்கும் அரசியல் தலைவர் யார்?

எட்வர்ட் ஹீத். 1970 முதல் 1974 வரை பிரிட்டன் பிரதமர். அவர் கட்சிக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கெட்டிக்கார அரசியல்வாதி என்றுகூடச் சொல்ல மாட்டேன். சுரங்கத் தொழிலாளர்களோடு முட்டிக்கொண்டு, ஆலைகளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் மின்சாரம் என்று அறிவித்து, அந்தச் சூட்டோடு தேர்தலையும் வைத்துப் பதவியை இழந்தவர்.

ஆனால் நான் குமரி மாவட்டக் கடற்கரைக்காரன். அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போனவர். நான் எங்கள் ஊர் கிறிஸ்தவக் கோயிலில் மிதி ஆர்மோனியம் வாசித்து வளர்ந்தவன். ஆர்கன் இசையும் கடலுமாக ஒரு மனுஷன் இருந்தார் என்றால் எப்படி விடுவது?

ஹீத் பிறந்தது 1916-ல், கென்ட் கரையிலுள்ள பிராட்ஸ்டேர்ஸ் என்ற சிற்றூரில். தந்தை தச்சர். பையன் ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரியில் ஆர்கன் வாசிப்பவருக்கான உதவித்தொகை பெற்றுப் படித்தார். அந்த நாளில் சொந்த ஊரில் தொடங்கிய கிறிஸ்துமஸ் பாடல் நிகழ்ச்சியைச் சுமார் 40 வருடம் அவரே நடத்தினார், பிரதமராக இருந்தபோதும்.

ஆர்கன் என்பது அடிப்படையில் ஒரு பெரிய துருத்தி. காற்றை அடைத்து வைத்து, எந்த வரிசைக் குழல்களுக்கு அதை விடுவது என்று குமிழை இழுத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு கைக்கும் கட்டைகள், போதாததற்குக் காலுக்கும் தனிக் கட்டைகள். என் மிதி ஆர்மோனியம் அதன் ஏழைத் தம்பி. ஒரு மழைக்காலப் பூசையில், சரியாக எழுந்தேற்ற நேரத்தில் (சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் நேரம்), ஈரத்தில் உப்பிய கட்டை ஒன்று உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. மிதிப்பதை நிறுத்தியும் துருத்தியில் மிச்சமிருந்த காற்று தீரும்வரை அந்த ஒற்றைச் சுரம் ஓயவில்லை. பங்குச்சாமி திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

சரி, கடலுக்கு வருவோம். ஹீத் பாய்மரப் படகு ஓட்டக் கற்றதே ஐம்பது வயதில்தான். அப்பாவிடம் சொன்னேன், சிரித்தார். மூன்றே வருடத்தில், 1969-ல், ஆஸ்திரேலியாவில் 600 கடல் மைலுக்கு மேல் ஓடும் சிட்னி - ஹோபார்ட் பந்தயத்தில் ‘மார்னிங் கிளவுட்’ என்ற தன் படகில் ஜெயித்தார் என்றேன். “காத்து தெரிஞ்சவன்தான்” என்றார். கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றுக்குப் பெயர் வைத்துப் பேசும் ஆள் அவர்; லேசில் யாரையும் மெச்ச மாட்டார்.

எனக்குப் பிடித்த காட்சி 1971 அக்டோபர் 28 இரவு. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகத்தில் சேர நாடாளுமன்றம் வாக்களித்து, ஹீத்தின் வாழ்நாள் கனவு கைகூடிய நாள். அவர் வீட்டுக்குப் போய் கிளாவிகார்டு என்ற பழைய கட்டை வாத்தியத்தின் முன்னால் உட்கார்ந்து, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய ஒரு சிறு முன்னிசையை வாசித்தார். கிளாவிகார்டு ஓசை அறையைத் தாண்டாது. பக்கத்தில் யாராவது பேசினாலே அமுங்கிவிடும். ஊரையே அதிரவைக்கும் ஆர்கன் பழகிய கை, அன்றைக்கு அதைத் தேடிப் போனது.

அப்புறம் 1974 செப்டம்பர். மூன்றாவது ‘மார்னிங் கிளவுட்’ தெற்கு இங்கிலாந்தின் சசெக்ஸ் கரைக்கு அப்பால் புயலில் மூழ்கி, படகிலிருந்த இருவர் இறந்தார்கள். ஒருவர் ஹீத்தின் ஞானப்பிள்ளை, அதாவது ஞானஸ்நானத்தில் அவர் பொறுப்பேற்ற பிள்ளை. ஹீத் அன்று படகில் இல்லை.

இதையும் அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் வலை முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொறவு அவரு கடலுக்குப் போனாரா மக்களே?”

“போனாரு. 1979-ல ஃபாஸ்ட்நெட் படகுப் பந்தயத்துல பெரிய புயல்ல மாட்டினாரு. பந்தயத்துல போனவங்க 15 பேரு செத்தாங்க. இவரு படகு கரை சேந்துது.”

“அப்போ ஒறக்கம் வந்திருக்காது அவருக்கு” என்றார். எந்த இரவைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.