வாசகர் கேள்வி பதில்: டப்பாவில் பாதரசம், பொட்டலத்தில் பாதரசம்

கேள்வி: கடைத்தெருவில் வாங்கிய, தயாரிப்பாளர் முகவரி இல்லாத சிவப்பழகு கிரீமை என் மகள் மூன்று மாதமாகப் பூசி வருகிறாள். முகம் வெளுத்திருக்கிறது, ஆனால் காலையில் கண்ணிமையும் மாலையில் கணுக்காலும் வீங்குகின்றன. இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: இருக்கக்கூடும். இத்தகைய கிரீம்களில் பாதரச உப்பு கலந்திருப்பதுண்டு. கிரீமை இன்றே நிறுத்திவிட்டு, டப்பாவையும் எடுத்துக்கொண்டு மகளைச் சிறுநீரக மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாகத் தேவையான நொதியைப் பாதரச உப்புகள் முடக்கிவிடுவதால் முகம் வெளுக்கிறது. அதே உப்பு தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரக வடிகட்டிகளைக் கெடுக்கும்போது, புரதம் சிறுநீரில் ஒழுகிச் சிறுநீர் நுரைக்கும், உடல் வீங்கும். புரதம் போவதைச் சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையே காட்டிவிடும். 'வெள்ளி, தங்க நகைகளில் படாமல் பூசவும்' என்று டப்பாவில் அச்சிட்டிருந்தால் சந்தேகம் வலுக்கும், ஏனெனில் பாதரசம் அந்த உலோகங்களைப் பற்றிக்கொள்ளும். இத்தகைய முகப்பூச்சுகளில் பாதரசம் சேர்ப்பதை 2020ஆம் ஆண்டின் விதிகள் நம் நாட்டில் தடை செய்திருக்கின்றன; இருந்தும் முகவரியற்ற டப்பாக்கள் விற்பனைக்கு வரத்தான் செய்கின்றன. மகளின் முகம் துடைத்த துண்டைச் சிறு குழந்தைகளுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

கேள்வி: அப்பா மூட்டுவலிக்காக ஒருவர் பொட்டலம் கட்டித் தரும், பாதரசம் சேர்ந்த செந்தூரத்தை (சித்த மருத்துவச் சிவப்புப் பொடி) தேனில் குழைத்துச் சாப்பிடுகிறார். சுத்தி செய்த (நஞ்சு நீக்கித் தூய்மைப்படுத்திய) பாதரசம் கெடுதி செய்யாது என்கிறார். சரியா?
– ஒரு வாசகர், ஆற்காடு

பதில்: பாதரசம் என்பது ஒரே சரக்கு அன்று. லிங்கம் எனும் பாதரச சல்பைடு நீரில் எளிதில் கரையாது; வீரம் எனும் பாதரச குளோரைடோ கரைந்து உடலில் ஏறும் கொடிய நஞ்சு. பொட்டலத்தில் இருப்பது எது, சுத்தி எந்த அளவுக்கு நடந்தது என்பதைப் பார்வையாலோ நம்பிக்கையாலோ அறிய முடியாது. சென்னை ரெனோபாத் சிறுநீரகத் திசு ஆய்வு மையத்தினர் 2022இல் வெளியிட்ட ஆய்வு, ஒருவகைச் சிறுநீரகச் சவ்வு நோய்க்கும் பாதரசம் கலந்த பாரம்பரிய மருந்துகளுக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டியது. மருந்தை நிறுத்திய பின் பலருக்கு நோய் தணிந்ததும் அதில் பதிவாகியிருக்கிறது. சித்த மருத்துவத்தையே விலக்க வேண்டும் என்பதன்று என் கருத்து. பதிவு பெற்ற சித்த மருத்துவர் எழுதித் தருவதும், உற்பத்தி உரிம எண்ணும் சேர்மானமும் அச்சிட்ட மருந்தும் வேறு. பெயரற்ற பொட்டலம் வேறு. அப்பாவுக்கு இந்த வாரமே சிறுநீர் பரிசோதித்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் மண்ணிலும் பாதரசம் இருக்கிறதா? உடைந்த டியூப் லைட்டை என்ன செய்வது?
– ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: உங்கள் சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதியில் மூடிக்கிடக்கும் ஆலை விட்டுச்சென்ற கழிவுமேட்டில் இருப்பது குரோமியம், அந்தக் கேடு தனி. மண்ணில் கலந்த பாதரசத்துக்குத் தமிழ்நாட்டில் எடுத்துக்காட்டு, 2001இல் மூடப்பட்ட கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை. டியூப் லைட்டில் சில மில்லிகிராம் பாதரசமே உண்டு என்றாலும், அதன் ஆவி நுரையீரல் வழியே எளிதில் உடலில் சேரும். ஆகவே சன்னல்களைத் திறந்துவிட்டுக் குழந்தைகளை வெளியே அனுப்புங்கள். துடைப்பத்தால் பெருக்காமல் துண்டுகளை அட்டையால் அள்ளி, மிச்சத் தூளை ஒட்டுநாடாவால் ஒற்றியெடுத்து, மூடியிட்ட புட்டியில் அடைத்து மின்னணுக் கழிவு சேகரிப்பாளரிடம் கொடுங்கள். குப்பையோடு சேர்த்துக் கொளுத்திவிடாதீர்கள்.