பழைய கத்திரியில் இருந்ததையே புதுசு என்று பேட்டன்ட் வாங்கினால் செல்லுமா?

கேட்டவர் கோத்தகிரிக்காரர். தேயிலைக் கொழுந்து வெட்டும் கத்திரிக்கு அடியில் தகடு பற்றவைத்துப் பல வருஷமாக விற்கிறார். "அடித்தகடு இருப்பதால் முற்றல் இலை வெட்டுப்படாது" என்று பேட்டன்ட் வாங்கிய ஒருவர் இப்போது நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்.

குன்னூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இதே மாதிரி நோட்டீஸ் எனக்கும் வந்தது, அதனால் எழுதுகிறேன்.

உங்கள் பழைய கத்திரியில் அந்தத் தகடு கத்தியைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு வெட்டிலும் முற்றல் இலையைத் தவிர்த்ததா? ஆமென்றால் அந்தப் பலன் பழைய பொருளுக்குள்ளேயே இருந்தது. யாரும் எழுதிவைக்கவில்லை என்பதால் அது புதுசாகிவிடாது. ஆனால் 'சில சமயம் நடந்தது' என்பது போதாது. தவறாமல் நடந்திருக்க வேண்டும். நான் சறுக்கியது இங்கேதான். "எல்லாத்துலயும் ஒரே அளவா?" என்று வக்கீல் கேட்டார். என் பழைய சாமான் ஒவ்வொன்றும் ஒரு அளவு. பதில் சொல்ல முடியவில்லை.

அடுத்தது, 'இது எவனுக்கும் தோன்றும்' என்ற வாதம். இதை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரும் ரயில் தண்டவாளத்தின் நடுவே பாருங்கள்: இரண்டு பல் பட்டைகள், ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம். எஞ்சினின் பல்சக்கரம் எப்போதும் ஏதாவது ஒரு பல்லைப் பிடித்தபடியே ஏறும். இன்று பார்த்தால் சின்ன விஷயம். ஆனால் ரிக்கன்பாக் என்ற ரயில் எஞ்சினியர் 1863-லேயே ஏணி மாதிரிப் பல்தடத்துக்குப் பேட்டன்ட் வாங்கியிருந்தும், பல்லை மாற்றி மாற்றி வைக்கும் இந்த ஏற்பாடு 1882-ல் ஆப்ட் என்ற இன்னொரு எஞ்சினியர் கையில்தான் வந்தது. விடை தெரிந்த பிறகு எல்லாமே சுலபம். பேட்டன்டுக்கு மனு போட்ட காலத்துக் கைதேர்ந்த மெக்கானிக்குக்குத் தோன்றியிருக்குமா என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வியில் பேட்டன்ட் விழுந்ததும் உண்டு. லேத்தில் பாத்திரத்தைப் பிடித்து வைக்கும் கருவி பற்றிய பிஷ்வநாத் பிரசாத் வழக்கில், அது வெறும் பட்டறைத் திருத்தம்தான் என்று 1978-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பட்டறைக்காரர்களுக்கு இதைவிட உதவும் தீர்ப்பு எனக்குத் தெரியாது.

பேட்டன்ட் கொடுத்த அறிவிப்பு வெளியாகி ஒரு வருஷம் ஆகவில்லையென்றால் பேட்டன்ட் ஆபீஸிலேயே எதிர்ப்பு மனு போடலாம். தாண்டிவிட்டால் பேட்டன்ட் சட்டம் 64-ஆம் பிரிவின் கீழ் அதை ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றம் போகலாம். பேட்டன்ட் வாங்கியவரே வழக்குப் போட்டால் இதே காரணங்களை எதிர்வாதமாக வைக்கலாம்.

இந்த வாரமே உங்களிடம் வாங்கிய எஸ்டேட்டுகளுக்குப் போங்கள். அவர் பேட்டன்டுக்கு மனு போட்ட தேதிக்கு முந்தைய பில், ஸ்டோர் ரிஜிஸ்டர், தேதியுள்ள போட்டோ எல்லாவற்றையும் சேருங்கள். கிடைக்கும் ஒவ்வொரு பழைய கத்திரியிலும் தகட்டின் உயரத்தை அளந்து எழுதுங்கள். அதுவரை எதையும் மறுபடி பற்றவைக்க வேண்டாம், சாணை பிடிக்கவும் கொடுக்க வேண்டாம்.