ரோட்டுக்கு ஒரு பேட், ட்ராக்குக்கு ஒரு பேட்: வாசகர் கேள்விகள்

இந்த இதழில் பிரேக் பேட் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இருபுறமும் அழுத்தி நிறுத்தும் தேய்கட்டை) பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில்.

டர்போ ஹேட்ச்பேக்கில் தினமும் கிண்டிக்கு ஆபீஸ் போய்வருகிறேன். வருடத்துக்கு மூன்று நான்கு முறை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் ஓட்ட ஆசை. ‘ரேஸ் பேட் போட்டால் ரோட்டில் இன்னும் நன்றாகப் பிடிக்கும்’ என்கிறார் கடைக்காரர். போடலாமா?
– வாசகர், அம்பத்தூர்

போடாதீர்கள். ரேஸ் பேட் சூடேறினால்தான் கடிக்கும். கிண்டி போய்ச் சேரும்வரை அது சூடேறப்போவதில்லை. நகர ஓட்டத்தில் டிஸ்க்கின் சூடு பெரும்பாலும் 100, 150 டிகிரியைத் தாண்டாது. முழு ரேஸ் பேட்கள் பலவும் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்குவதே அதற்கு மேல்தான். காலையில் வண்டியை எடுத்து முதல் சிக்னலில் மிதித்தால் மரக்கட்டையை மிதித்த மாதிரி இருக்கும். போதாக்குறைக்கு, ஆறிய நிலையில் அது டிஸ்க்கை அரம் போல ராவும், கீச்சிடும், அலாய் வீல் நிறைய கறுப்புத் தூளும் கொட்டும்.

வண்டியோடு வரும் கம்பெனி பேட் ட்ராக்கில் ஏன் திணறுகிறது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஓட்டுநரோடு சேர்த்து 1,200 கிலோ வண்டி, மணிக்கு 40 கி.மீ. வேகத்திலிருந்து நின்றால் பிரேக் விழுங்கும் ஆற்றல் ஏறத்தாழ 74 கிலோஜூல். அதே வண்டியை 150-லிருந்து 60-க்கு இறக்கினால் 875 கிலோஜூல். கிட்டத்தட்ட 12 மடங்கு. இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கி.மீ. சுற்றில் இப்படிப் பலமாக மிதிக்கும் இடங்கள் அடுத்தடுத்து வரும், டிஸ்க் ஆற நேரம் கிடைக்காது. சாதாரண பேட் 300, 350 டிகிரியைத் தாண்டினால் பிடி தளரும். ‘ஃபாஸ்ட் ரோடு’ என்று விற்கும் ரகம் ஏறத்தாழ 500 வரை தாங்கும். ஆறிய நிலையிலும் ஓரளவு கடிக்கும். முழு ட்ராக் பேட் 600-க்கு மேலும் நிற்கும்.

முதல் இரண்டு ட்ராக் நாளுக்குப் புதிய கம்பெனி பேட், புதிய பிரேக் ஆயில், ஐந்து சுற்றுக்கு ஒருமுறை மெதுவாக ஓட்டி ஆறவிடுவது – இதுவே போதும். வேகம் கூடிய பிறகு ஃபாஸ்ட் ரோடு பேடுக்கு மாறுங்கள். அதுவும் கரைய ஆரம்பித்தால், ட்ராக்குக்கென்று தனி செட் வாங்கி அங்கேயே மாற்றிக்கொள்வதுதான் சரியான வழி. ஒன்றை வைத்தே இரண்டு வேலையையும் முடிக்கப் பார்த்தால் இரண்டிலும் அரைகுறைதான்.

இன்னொன்று: பின்னால் டிரம் இருக்கும் வண்டியில் முன்பக்கம் மட்டும் மிகப் பிடிப்பான பேட் போட்டால், முன்சக்கரங்கள் சீக்கிரமே ஏபிஎஸ்ஸைத் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) தட்டும், பின்சக்கரம் தன் பங்கு வேலையைச் செய்யாமலே போகும், நிற்கும் தூரம் கூடலாம். பின்னாலும் டிஸ்க் இருந்து, அங்கே மட்டும் பிடிப்பான பேட் போட்டால் நிலைமை இன்னும் மோசம்: வளைவில் மிதிக்கும்போது வண்டி வாலைச் சுழற்றும்.

பேடின் பின்பக்கம் எஃப்எஃப், ஜிஜி என்று எழுத்துகள் இருக்கின்றன. ஜிஜிதான் உசத்தியா?
– வாசகர், ஈரோடு

அமெரிக்க எஸ்.ஏ.இ. (வாகனப் பொறியாளர் சங்கம்) முறையிலான உராய்வுக் குறியீடு அது. முதல் எழுத்து மிதமான சூட்டில் உள்ள பிடிப்பு, இரண்டாவது எழுத்து கடும் சூட்டில். இ என்றால் உராய்வுக் கெழு (பிடிப்பின் அளவு) 0.25 முதல் 0.35, எஃப் 0.35 முதல் 0.45; ஜி 0.45 முதல் 0.55. இரண்டாவது எழுத்து முதலாவதை விடக் கீழே இறங்கினால் (உதாரணமாக எஃப்இ) சூட்டில் தளரும் பேட் என்று பொருள்.

ஆனால் இதை மட்டும் நம்பி ட்ராக் பேட் வாங்க முடியாது. சோதனைக்கு எடுப்பது ஓர் அங்குலச் சதுரத் துண்டு. அதில் எட்டும் உச்சச் சூடு சுமார் 340 டிகிரிதான். ட்ராக்கின் கதை அதற்கு மேல்தான் தொடங்குகிறது. சூடு கூடக்கூடப் பிடிப்பு எப்படி மாறுகிறது என்று காட்டும், தயாரிப்பாளர் தரும் வெப்ப வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைவிட எவ்வளவு தட்டையாக ஓடுகிறது என்று பாருங்கள். பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று பேடுக்குச் சொல்லும் நிறமெல்லாம் அந்தந்தக் கம்பெனி வைத்த பெயர். பொது அளவுகோல் ஏதும் கிடையாது. ரோட்டு உபயோகத்துக்கு ஐரோப்பிய ‘ஆர் 90’ முத்திரை இருந்தால் நல்லது: அசல் பேடின் செயல்திறனை ஒட்டியே இது இருக்கிறது என்று சோதித்திருக்கிறார்கள்.

ஆறாவது சுற்றில் பிரேக் பிடிக்கவில்லை. பேட் போய்விட்டதா, வேறு ஏதாவதா, எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், கோயம்புத்தூர்

உங்கள் கால் அப்போது என்ன உணர்ந்தது? அதில்தான் விடை இருக்கிறது.

பெடல் உயரமாக, கல் மாதிரி கெட்டியாக நின்றும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூட்டில் தளர்ந்துவிட்டது. புத்தம்புது பேடாக இருந்தால், அதிலுள்ள பிசின் முதல்முறை வெந்து வாயுவாக வெளியேறி டிஸ்க்குக்கும் பேடுக்கும் நடுவே மெத்தை போல நின்றிருக்கும். முறையாகப் பழக்காத (முறை அடுத்த பதிலில்) பேடில் இது சகஜம்.

பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய், இரண்டு மூன்று முறை அடித்த பிறகே பிடித்தது என்றால் ஆயில் கொதித்திருக்கிறது. எவ்வளவு உசத்தியான பேட் போட்டாலும் இது தீராது. நாம் ஆயில் என்று சொன்னாலும் சாதாரண டாட் (பிரேக் திரவத்தின் தர எண்) 3, 4, 5.1 எதுவும் எண்ணெய் அல்ல; கிளைகால் வகைத் திரவம், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில் கொதிக்க வேண்டும் என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிவிட்டால் அந்த வரம்பே 155-க்கு இறங்கிவிடும். டாட் 5.1-க்கு இவை 260, 180. ரேஸ் ஆயில்கள் சில 300-க்கு மேல் தாங்கும், ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும். டாட் 5 என்று தனியாக விற்பது சிலிகான், 5.1-இன் தம்பி என்று நினைத்துக் கலந்துவிடாதீர்கள்.

மாற்ற ஒரு லிட்டர் போதும். ஏர் எடுக்கும்போது (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது) மாஸ்டர் சிலிண்டரிலிருந்து (பெடல் அழுத்தும் முதன்மை சிலிண்டர்) தூரத்துச் சக்கரத்தில் ஆரம்பிப்பது வழக்கம்: நம் வண்டிகளில் இடது பின், வலது பின், இடது முன், வலது முன். உங்கள் வண்டியின் மேனுவல் வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள். பழைய வண்டியில் பெடலைத் தரைவரை அழுத்தாமல், அடியில் மரத்துண்டு வைத்து மிதியுங்கள். சிலிண்டரின் கடைசிப் பகுதியில் படிந்திருக்கும் துரு சீலைக் கிழிக்கும். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

புதுப் பேட் போட்டு இரண்டே வாரத்தில், 100-லிருந்து பிரேக் பிடித்தால் ஸ்டீரிங் ஆடுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக்.
– வாசகர், திருச்சி

பெரும்பாலும் வளைந்திருக்காது. பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டுத்திட்டாக அப்பியிருக்கும். கனத்தில் 0.02 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே கைக்குத் தெரிந்துவிடும். மைக்ரோமீட்டரால் விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே எட்டு இடங்களில் அளக்கச் சொல்லுங்கள். ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவே துரு இருக்கிறதா, வீல் நட்டுகளைச் சமமாக இறுக்கினார்களா என்பதையும் பாருங்கள். திட்டு லேசாக இருந்தால் டிஸ்க்கை 120 நம்பர் எமரி ஷீட்டால் சுற்றிலும் தேய்த்து, பேடை மறுபடி பழக்கினால் போய்விடலாம். லேத்தில் சீவுவதாக இருந்தால், டிஸ்க்கில் பொறித்துள்ள குறைந்தபட்சக் கனத்துக்குக் கீழே போகக் கூடாது.

பழக்கும் முறை: ஆளில்லாத நேர் ரோட்டில் 60-லிருந்து 10 வரை மிதமாக எட்டு முதல் பத்து முறை, பிறகு 100-லிருந்து 20 வரை பலமாக, ஏபிஎஸ் தட்டாமல், எட்டு முறை. முழுவதும் நிறுத்தவே கூடாது. கடைசியாகப் பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். பேட் கம்பெனி வேறு முறை கொடுத்திருந்தால் அதுதான் சரி. சூடான டிஸ்க்கை மிதித்தபடியே சிக்னலில் நிற்பதுதான் திட்டு விழ முதல் காரணம்.

ட்ராக் செட்டும் ரோட்டு செட்டும் மாற்றி மாற்றிப் போடுபவர்களுக்கும் இந்தத் தொல்லை வரும். ஒரு பேடின் கலவை விட்டுப்போன படலத்தின் மேல் இன்னொன்று சரியாக ஒட்டாது. ஒரே கம்பெனியின் ஒத்துப்போகும் இரண்டு கலவைகளை வாங்குங்கள். முடிந்தால் டிஸ்க்கும் தனியாக வையுங்கள்.

கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது கருகல் வாடை, பெடலும் இளகுகிறது. ட்ராக் பேட் போட்டால் சரியாகுமா?
– வாசகர், நாமக்கல்

ஆகாது. 1,400 கிலோ வண்டி 1,000 மீட்டர் இறங்கினால் எங்காவது கழிக்க வேண்டிய ஆற்றல் 13.7 மெகாஜூல். இன்ஜினைக் கழிக்க விடாமல் மூன்றாவது கியரில் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே 70 கொண்டை ஊசியையும் இறங்கினால் எந்தப் பேடும் வேகத்தான் செய்யும். இரண்டாவது கியர், சில வளைவுகளில் முதல் கியர்; வளைவுக்கு முன் பலமாக மிதித்து உடனே விட்டுவிடுங்கள். லேசாக மிதித்தபடியே வருவதுதான் கெடுதல். பெடல் இளகுவதால் ஆயிலையும் மாற்றுங்கள், இரண்டு வருடம் ஆகியிருந்தால் கேள்வியே வேண்டாம்.

ஓட்டை போட்ட டிஸ்க் நல்லதா?
– வாசகர், மதுரை

பார்க்க நல்லது. ட்ராக்கில் ஓட்டை ஓரத்தில் விரிசல் விடும். கோடு வெட்டிய டிஸ்க் பரவாயில்லை. வெற்று டிஸ்க்கே போதும்.

ட்ராக் நாளில் பேட் எவ்வளவு கனம் இருக்க வேண்டும்? வேறு என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், ஓசூர்

ரோட்டில் 3 மி.மீ. வரை தேயவிடலாம். ட்ராக்குக்கு 6 மி.மீ.க்குக் குறைந்த பேடோடு கிளம்பாதீர்கள். மெலிந்த பேட் சூட்டைத் தடுக்காமல் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் கடத்திவிடும். தேய்மானமும் சடாரென்று கூடும். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் வீல் இடுக்கு வழியே பாருங்கள்: பேட் ஓரம் பொடிகிறதா, ஒருபக்கம் சாய்வாகத் தேய்கிறதா, பிஸ்டன் ரப்பர் வெடித்திருக்கிறதா. சாய்வாகத் தேய்ந்தால் ஸ்லைடு பின் (பேடைப் பிடிக்கும் பகுதி நகரும் கம்பி) இறுகியிருக்க வாய்ப்பு உண்டு. அதற்குச் சிலிகான் கிரீஸ் மட்டுமே. பெட்ரோலிய கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிவிடும். பேட் மாற்றப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே டப்பாவில் ஆயில் வழிகிறதா என்று ஒரு கண் வையுங்கள். சில கார்களின் பின்பக்கப் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். சி-கிளாம்ப் வைத்து அழுத்தினால் உடையும். தூளைக் கம்ப்ரஸரால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி வந்து நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை வையுங்கள்.