சீடர்களின் உறவுமுறை – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆதித் திருச்சபை இரத்த உறவைத் தாண்டிய குடும்பமாக இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் இயேசுவின் பன்னிரு சீடர்களிலேயே உடன்பிறந்தோர் இருக்கிறார்கள். எருசலேம் சபையின் தலைமையும் இயேசுவின் சகோதரர் யாக்கோபிடமே போய்ச் சேர்ந்தது. அப்படியானால் ‘என் தாய் யார், என் சகோதரர் யார்?’ என்று இயேசு கேட்டதற்கு நடைமுறையில் என்ன பொருள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சுட்டுவது உண்மைதான். பேதுருவும் அந்திரேயாவும் உடன்பிறந்தவர்கள். செபெதேயுவின் மக்களான யாக்கோபும் யோவானும் அவ்வாறே. இவ்விருவரும் தகப்பனைக் கூலியாட்களோடு படகிலேயே விட்டுவிட்டுப் புறப்பட்டார்கள் என்று மாற்கு எழுதுகிறார். ஆனால் அதே அதிகாரத்தில், சற்றுப் பின்னால், நால்வரும் கப்பர்நகூமில் பேதுருவின் வீட்டில்தான் இருக்கிறார்கள். காய்ச்சலாய்க் கிடந்த அவருடைய மாமியார் குணமடைந்து எழுந்து அவர்களுக்குப் பணிவிடை செய்கிறார். பல ஆண்டுகள் கழித்துக் கொரிந்தியருக்கு எழுதும் பவுல், பேதுரு மனைவியையும் உடன் அழைத்துக்கொண்டு ஊழியத்துக்குச் செல்வதைக் குறிப்பிடுகிறார். உறவுக்கு முதலிடம் தரும் வழக்கத்தைத்தான் சீடர்கள் துறந்தார்கள் என்று கருதுகிறேன். தகப்பனின் தொழிலையும் நிலத்தையும் பெயரையும் கொண்டே மகனின் வாழ்வு அமைந்த அந்தச் சமூகத்தில் அதுவே பெரிய காரியம்.

வீடு, சகோதரர், சகோதரிகள், தாய், தகப்பன், பிள்ளைகள், நிலங்கள் ஆகியவற்றைத் தம்பொருட்டு விட்டவர் நூறு மடங்காக அடைவார் என்று இயேசு சொல்லும் இடத்தை மாற்கில் நிதானமாகப் படித்துப் பாருங்கள். திரும்பக் கிடைப்பவற்றின் வரிசையில் தகப்பன் மட்டும் இல்லை. இது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. தகப்பனுக்குரிய ஆளுகை பரமபிதா ஒருவருக்கே உரியது என்பதால் அவ்விடம் நிரப்பப்படவில்லை.

என் மனத்தை மிகவும் தொடும் சான்று ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் இருக்கிறது. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வாழ்த்தி வரும் பவுல், ரூபுவை வாழ்த்தும்போது, ‘எனக்கும் தாயாகிய அவனுடைய தாயையும்’ என்று சேர்த்துக்கொள்கிறார். விளக்கம் ஏதும் சொல்லவில்லை. படிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையும் இருந்திராது. ரூபுவுக்குப் பெற்ற தாய், பவுலுக்கு விசுவாசத்தால் வாய்த்த தாய். ஒரே பெண்மணியிடம் இரண்டு உறவுகளும் ஒன்றையொன்று தள்ளாமல் இருக்கின்றன.

இனி, ஆண்டவரின் சகோதரர் யாக்கோபு. (உடன்பிறந்தவரா, நெருங்கிய உறவினரா என்பதில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, அதற்குள் இங்கே புகவில்லை.) இயேசுவின் சகோதரர்கள் ஒருகாலத்தில் அவரை விசுவாசிக்கவில்லை என்பதை யோவான் மறைக்காமல் எழுதுகிறார். உயிர்த்தெழுந்தவர் யாக்கோபுக்குத் தரிசனமானார் என்று பவுல் பதிவுசெய்கிறார். அதன் பின்னரே அவரைச் சபையின் தூண்களுள் ஒருவராகக் காண்கிறோம். அவர் பெயரால் வழங்கும் நிருபத்தின் முதல் வரியில் சகோதரர் என்ற உரிமை கோரப்படவில்லை. ‘ஊழியக்காரன்’ என்று மட்டுமே இருக்கிறது. கி.பி. 62-ல் அவரைக் கல்லெறிந்து கொல்லத் தீர்ப்பளித்ததை யூத வரலாற்றாசிரியர் யொசேபஸ் குறிப்பிடுகிறார்.

ஆனாலும் இரத்த உறவுக்குச் சபையில் மதிப்பே இல்லாமல் போய்விடவில்லை. இதில் உங்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஆண்டவரின் இன்னொரு சகோதரரான யூதாவின் பேரர்களை ரோமப் பேரரசர் தொமித்தியான் விசாரித்த செய்தியை, இரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் ஒருவரை ஆதாரமாகக் கொண்டு திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் தருகிறார். அவர்கள் நிலத்தில் உழைத்துக் காய்த்துப்போன கைகளைக் காட்டி விடுதலை பெற்றார்கள். பிறகு சபைகளை வழிநடத்தினார்கள். அதற்கு அவர் சொல்லும் காரணங்கள் இரண்டு: அவர்கள் சாட்சி பகர்ந்தவர்கள், ஆண்டவரின் குடும்பத்தார். சாட்சியைத்தான் முதலில் வைக்கிறார்.

அன்புடன்