வெளிநாட்டில் தன்னார்வலராக இருந்தவர்களின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? அங்கே உண்மையில் என்ன வேலை செய்வீர்கள்?

2022 ஜூலையிலிருந்து 2024 ஜூலை வரை மலாவியில் இருந்தேன். தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் கடற்கரையே இல்லாத சின்ன நாடு. தலைநகர் லிலோங்வேக்கு வடக்கே, டோவா மாவட்டத்தில் ஒரு கிராமம். தொண்டு நிறுவனம் ஒன்றின் மூலம் போனேன். சம்பளம் கிடையாது, தங்க ஒரு வீடும் மாதச் செலவுக்கு ஒரு தொகையும் உண்டு. குடிநீர்க் குழுக்களுக்கு (ஊர்ப் பம்பைப் பார்த்துக்கொள்ளும் கிராமத்தார் குழுக்கள்) உதவ வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அன்றாடம். காலை நாலரை மணிக்கே அடிபம்புச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். ஆழ்துளைக் கிணற்றுப் பம்பை அங்கே 'ம்ஜிகோ' என்பார்கள். பெண்களும் பெண் குழந்தைகளும் வாளிகளை வரிசையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டு நிற்பார்கள். நானும் என் வாளியோடு போய் நிற்பேன். 20 லிட்டர் வாளியைத் தலையில் வைத்துக் கையை விட்டுவிட்டு நடப்பார்கள். எனக்குக் கடைசிவரை பாதி வாளிதான், அதையும் ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான். ஆனால் அந்த வரிசையை நான் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. யார் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல், எந்தப் பம்பில் தண்ணீர் குறைகிறது, குழுவில் யாருக்கும் யாருக்கும் மனஸ்தாபம் என்பதெல்லாம் அங்கேதான் காதில் விழும். கூட்டம் போட்டுக் கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

எங்கே போவதாக இருந்தாலும் வணக்கம் சொல்லியே நேரம் போய்விடும். "முலி ப்வாஞ்ஜி?" (எப்படி இருக்கிறீர்கள்?) என்று நின்று கேட்க வேண்டும், அவர்கள் சொல்லும் பதிலை நின்று கேட்க வேண்டும், பிறகு அவர்கள் நம்மைக் கேட்பார்கள். அவசரத்தில் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனால் அது மரியாதைக் குறைவு. வீட்டுக்குப் போனால் கதவைத் தட்டக் கூடாது, வாசலில் நின்று "ஓடி!" என்று குரல் கொடுக்க வேண்டும். இந்த அளவு சிச்சேவா மொழி வரவே எனக்கு இரண்டு மாதம் ஆனது. போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் மூன்று மாதம் வேறு எதுவும் செய்யாவிட்டாலும் சரி, மொழியைப் படியுங்கள்.

வெள்ளைக்காரர்களை அங்கே 'ம்சூங்கு' என்பார்கள், இந்தியர்களை 'ம்வென்யே'. அந்த நாட்டில் பல தலைமுறைகளாக இந்திய வம்சாவளி வணிகர்கள் இருக்கிறார்கள். அதனால் என்னைப் பார்த்தவுடன் பலரும் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் கடை எங்கே இருக்கிறது?" என்பதுதான். கடை இல்லை, இங்கேதான் குடியிருக்கப் போகிறேன் என்றதும் கொஞ்ச நேரம் யோசிப்பார்கள். பக்கத்து வீட்டு அமாயிதான் (அமாயி என்றால் அம்மா) என்னை மற்றவர்களிடம் 'என் தங்கை' என்று சொல்லி அந்தக் கேள்விக்கு முடிவு கட்டினார்.

சாப்பாடு பெரும்பாலும் ந்சிமா. மக்காச்சோள மாவைக் கொதிக்கும் நீரில் கொட்டிக் கிளறிக் கெட்டியாக எடுப்பது. தொட்டுக்கொள்ளப் பூசணி இலை, பீன்ஸ், சில நாள் ஏரியில் பிடித்துக் காயவைத்த பொடி மீன். மின்சாரம் இல்லை. செல்போனைச் சந்தையில் சோலார் வைத்திருக்கும் கடையில் கொடுத்துச் சார்ஜ் செய்ய வேண்டும். ஆறு மணிக்கு இருட்டிவிடும். கொசுவலைக்குள் படுத்தும் ஒரு முறை மலேரியா வந்து, சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கி ஒரு வாரம் கிடந்தேன். இவையெல்லாம் சீக்கிரமே பழகிவிட்டன.

பழக நாளானது சாவு வீடுதான். போன மூன்றாவது மாதம் குழுவுக்கு ஒரு பயிற்சி ஏற்பாடு செய்திருந்தேன். அன்று காலை ஊரில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். 'மலிரோ' என்றால் ஊரே வேலையை நிறுத்திவிடும். வயலுக்குக்கூடப் போக மாட்டார்கள். எனக்கு அது தெரியவில்லை. மத்தியானமாவது கூட்டத்தை வைத்துக்கொள்ளலாமா என்று பக்கத்து வீட்டு அமாயியிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு சிதெஞ்ஜே துணியை எடுத்து வந்து என் இடுப்பில் கட்டிவிட்டார். ஒரு தட்டில் மாவும் நாலு விறகும் என் கையில் கொடுத்தார். நானும் பின்னால் நடந்தேன். பெண்களோடு தரையில் உட்கார்ந்தேன். ராத்திரி முழுக்கப் பாட்டு. ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் எழுந்து போகத் தோன்றவில்லை. அடுத்த வாரம் ஊர்த்தலைவர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். குழுவில் இருந்தவர்கள் என்னிடம் உள்ளது உள்ளபடி பேச ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

நான் போனபோது எங்கள் பகுதியில் நாலு பம்புகள் இருந்தன, அதில் இரண்டு ஓடவில்லை. ஒன்று நின்று ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பம்பை நம்பியிருந்த அறுபது குடும்பமும் பள்ளமான சதுப்பு நிலத்தில் தோண்டிய குழியில்தான் தண்ணீர் மொண்டார்கள். மாடும் அங்கேதான் குடிக்கும். இது நடந்த காலத்தைக் கவனியுங்கள். 2022 மார்ச்சில் மலாவியில் காலரா ஆரம்பித்து, அடுத்த ஆண்டு வரை நாடு முழுக்கப் பரவி, 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த நாடு பார்த்ததிலேயே மோசமான காலரா அது.

அங்கே இருப்பது பெரும்பாலும் ஆஃப்ரிடேவ் என்ற பம்பு. 1980களில் ஐ.நா. குடிநீருக்கென்று ஒரு பத்தாண்டை அறிவித்திருந்த காலத்தில் உருவானது. கிராமத்தில் இருப்பவர்களே கழற்றிச் சரிசெய்ய முடிய வேண்டும் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். பழைய வகைப் பம்புகளில் கீழே ஒரு வாஷர் தேய்ந்தாலும் முக்காலி நட்டு இரும்புக் குழாய் முழுவதையும் வெளியே தூக்க வேண்டும். இதில் குழாயைத் தொட வேண்டியதே இல்லை. ஒரே ஒரு ஸ்பேனர் போதும்.

அந்த ஏழு மாதப் பம்பைப் பிரித்த நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. சைக்கிளில் வந்த ஏரியா மெக்கானிக், நாற்பது வயதுக்காரர். மாவட்ட நிர்வாகத்திடம் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்தான். அவர் எதையும் தொடவில்லை. குழுவில் இருந்த நாலு பெண்களைத் தொடவைத்தார். மேல் மூடியைக் கழற்றினார்கள், கைப்பிடி வந்தது. பிறகு உள்ளே இருக்கும் கம்பியை இரண்டு பேர் மேலே இழுக்க, மூன்று மீட்டர் வந்ததும் ஒருவர் கொக்கியை விடுவித்துக் கம்பியைத் துணியில் படுக்கவைத்தார். இப்படிப் பத்துக் கம்பிகள். கடைசிக் கம்பியின் நுனியில் பிஸ்டன். அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம், உள்ளங்கையில் அடங்கும். அதன் உதடு ஒரு பக்கம் காகிதம் போல் தேய்ந்து, மறுபக்கம் கிழிந்தே போயிருந்தது. மெக்கானிக் அதைக் கழற்றி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். புதுசு போட்டு, மறுபடி பத்துக் கம்பியையும் கோத்து இறக்கி, கைப்பிடியைப் பூட்டி அடித்தால் முதலில் கலங்கலாக வந்து பிறகு தெளிந்தது. மொத்தம் மூன்று மணி நேரம். அந்த ரப்பரின் விலை ஒரு கோழியின் விலைகூட இல்லை.

அப்படியானால் ஏழு மாதம் ஏன் கிடந்தது? எனக்குக் கோபமே வந்தது. விசாரித்தால் கதை இதுதான். சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனம் வந்து கிணறு போட்டது, சிமென்ட் மேடையில் தன் பெயரைப் பொறித்தது, ஒரே நாளில் பயிற்சி கொடுத்துக் குழு அமைத்தது, போய்விட்டது. பணப்பெட்டி வைத்திருந்தவர் கல்யாணமாகி வேறு ஊர் போனார். பெட்டியில் என்ன இருந்தது என்பதில் ஆளுக்கொரு கணக்கு. அதன்பிறகு யாரும் யாரிடமும் காசு கொடுக்கத் தயாராக இல்லை. பழுதானது ரப்பர் மட்டும் இல்லை என்று அப்போது புரிந்தது.

நான் ஒரு திட்டம் போட்டேன். வீட்டுக்கு மாதம் இவ்வளவு குவாச்சா (அந்த நாட்டுப் பணம்), ரசீது நோட்டு, மூன்று பூட்டுப் போட்ட பெட்டி, மூன்று சாவியும் மூன்று பேரிடம். எல்லாரும் கைதட்டினார்கள். அக்டோபர், நவம்பர் வசூல் ஆனது. டிசம்பரில் பாதி. ஜனவரியில் யாரும் தரவில்லை. நான் வீடு வீடாகப் போய் நினைவுபடுத்தினேன். இப்போது நினைத்தால் அது தவறு. பொருளாளராக இருந்த அமாயி ஒரு நாள் என்னைத் தன் வீட்டுக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். மூங்கில் பின்னிய குதிர் ஒன்று இருந்தது, உயரமான கூடை மாதிரி. எட்டிப் பார் என்றார். அடியில் கொஞ்சம் தூசியும் பத்துப் பதினைந்து மக்காச்சோள மணிகளும். "ஜனவரி, பிப்ரவரியில் எல்லார் வீட்டிலும் இதுதான். எங்களிடம் மே மாதத்தில் கேள்" என்றார்.

மழை நவம்பர் வாக்கில் தொடங்கும். அறுவடை ஏப்ரல், மே. இடையில் வரும் மாதங்களில் போன வருடத் தானியம் தீர்ந்திருக்கும், புதுசு வயலில் பச்சையாக நிற்கும். இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். மாத வசூல் திட்டம் போடும்போது அது ஏன் என் நினைவுக்கு வரவில்லை என்று இன்றும் தெரியவில்லை.

மாற்று யோசனையும் அவருடையதுதான். காசே வேண்டாம்; அறுவடை முடிந்ததும் வீட்டுக்கு ஒரு சின்ன வாளி மக்காச்சோளம். அதை மூட்டை கட்டி வண்டு மருந்து கலந்து ஊர்த்தலைவர் வீட்டில் எல்லாரும் பார்க்கிற மாதிரி வைப்பது. விலை ஏறும் டிசம்பர், ஜனவரியில் விற்பது. பெட்டியில் இருக்கும் பணத்தை ஒருவருக்கும் எண்ணிப் பார்க்க முடியாது, மூட்டையை வருகிற போகிற எல்லாரும் எண்ணலாம் என்றார். 2023 மே மாதம் அப்படியே செய்தார்கள். அந்த நவம்பரில் மலாவி மத்திய வங்கி குவாச்சாவின் மதிப்பை ஒரேயடியாகக் குறைத்ததில், டாலரின் விலை 44 சதவீதம் ஏறியது. உதிரி பாகமெல்லாம் வெளியிலிருந்து வருவது, விலை எகிறியது. பணமாக வைத்திருந்தால் அதில் ஒரு பகுதி கரைந்திருக்கும். மூட்டைகள் அப்படியே நின்றன. விற்ற பணத்தில் ரப்பர் வளையங்கள், வால்வு, புஷ் எல்லாம் இரண்டு செட் வாங்கி வைத்தார்கள். கைப்பிடி ஆடினாலோ, பத்து முறை அடித்த பிறகே தண்ணீர் வந்தாலோ முழுக்க நிற்கும்வரை காத்திருப்பதில்லை என்றும் முடிவு செய்தார்கள்.

என் பங்கு என்ன என்று கேட்கலாம். மெக்கானிக்கைக் கூட்டிவந்தது, நாலு பெண்களும் மாவட்டத் தலைமையிடத்துக்குப் போய் உதிரி பாகக் கடையைத் தாங்களே பார்க்கும்படி செய்தது, கணக்கு நோட்டை எழுதப் பழக்கியது, பக்கத்து மூன்று பம்புக் குழுக்களையும் அழைத்து மூட்டைகளைக் காட்டவைத்தது. அவ்வளவுதான். வேறு சில வேலைகளும் செய்தேன்: பள்ளியில் கழிப்பறைக்கு வெளியே கால் மிதித்தால் தண்ணீர் ஊற்றும் கேன்கள், மாலையில் பிள்ளைகளுக்கு வாசிப்பு. நூறு பிள்ளைகளுக்கு மேல் ஒரே வகுப்பில் உட்காரும் பள்ளி அது, ஆசிரியர்களைக் குறை சொல்ல முடியாது. காய்கறித் தோட்டம் ஒன்றும் போட்டோம். வேலி சரியில்லாமல் ஆடுகள் மேய்ந்துவிட்டன, அதை விட்டுவிட்டோம்.

இரண்டு வாரம் போய்ப் பள்ளிக்கு வண்ணம் அடித்துவிட்டு வரும் பயணங்களைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். நான் போக மாட்டேன். அந்த ஊரிலேயே கொத்தனாரும் பெயிண்டரும் வேலையில்லாமல் இருப்பார்கள். விமான டிக்கெட் காசை அவர்களுக்குக் கூலியாகக் கொடுத்தால் சுவரும் நன்றாக இருக்கும், அவர்கள் வீட்டு அடுப்பும் எரியும். போவதென்றால் ஒரு வருடமாவது இருக்கும்படி போங்கள். சேரும் முன் நிறுவனத்திடம், "எனக்கு முன் அங்கே இருந்தவர் என்ன செய்தார், அது இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வேறு இடம் பாருங்கள்.

நான் கிளம்பிய வருடம் எல் நினோ காரணமாக மழை பொய்த்தது. 2024 மார்ச்சில் 28 மாவட்டங்களில் 23-ஐப் பேரிடர் பகுதியாக ஜனாதிபதி அறிவித்தார். மே மாதக் கூட்டத்தில் நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். இந்த வருடம் வாளி வேண்டாம், வீட்டுக்கு ஒரு தட்டு போதும். கணவனை இழந்தவர்களிடமும் தாத்தா பாட்டி மட்டும் இருக்கும் வீடுகளிலும் வாங்கக் கூடாது என்று அவர்களே பேசி முடித்தார்கள். என்னை யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

போன மாதம் பொருளாளர் அமாயியின் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். பச்சைச் சிதெஞ்ஜே மேல் பத்துக் கம்பிகள் வரிசையாக, பக்கத்தில் ஸ்பேனரோடு அவன் அம்மா, அவர் எதிரே குந்தி உட்கார்ந்து பார்க்கும் இரண்டு இளம்பெண்கள். அவர்களை எனக்குத் தெரியாது. கீழே அவன் எழுதியிருந்தது, உங்கள் ஊரில் மழை எப்படி, உங்கள் அம்மா சௌக்கியமா என்று மட்டும்தான்.