எஃப் கார்டு வராததற்கு என் குட்டை விரல்கள்தான் காரணமா? புதுக் கிட்டார் வாங்கலாமா?

கேள்வியில் நீங்கள் சொன்னது இது: ஆறு மாதமாக ஒரு சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாரில் பழகுகிறீர்கள், ஸ்டீல் கம்பி. சி, ஜி, டி, ஈ மைனர் கார்டுகள் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்க வைக்கிற விரல் பிடிகள்) எல்லாம் வந்துவிட்டன. எஃப் மட்டும் 'டொப் டொப்' என்று செத்த சத்தமாக விழுகிறது. விரல் குட்டை என்று வாத்தியார் சொல்லிவிட்டார். விலை கூடின கிட்டார் வாங்கினால் சரியாகுமா?

வாங்காதீர்கள். விரலை அளப்பதற்கு முன்னால் கையில் இருக்கிற கிட்டாரை அளந்து பாருங்கள். பர்ஸில் காலாவதியான ஏடிஎம் கார்டுகள் இரண்டு மூன்று கிடந்தால் அவையே போதும். எப்படி என்று அப்புறம் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் அம்மா வீணை வாசிப்பார். ஏதாவது ஒரு மெட்டில் (கம்பியை அழுத்துகிற உலோகக் கட்டையில்) கம்பி 'ஜிர்' என்று இரைந்தாலோ, சுரம் சற்று விலகி நின்றாலோ, அவர் தன் விரலைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. "மேளம் கலைஞ்சிருக்கு, ஆசாரியை வரச் சொல்லணும்" என்பார். மேளம் என்றால் மெட்டுகளின் அமைப்பு. ஆசாரி வந்து கூடத்தில் பாய் விரித்து உட்காருவார். பழைய மெழுகைச் சுரண்டி எடுப்பார், புது மெழுகைக் காய்ச்சிக் கரித்தூள் கலப்பார், தண்டியின் (வீணையின் நீண்ட கழுத்தின்) இரண்டு பக்கமும் வரப்பு மாதிரி கட்டுவார். அதன் மேல் 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாக வைத்து, மீட்டிப் பார்த்து, ஒரு மயிரிழை நகர்த்தி, மறுபடி மீட்டிப் பார்ப்பார். ஒரு நாள் முழுக்க அந்த வேலைதான். வீணை வீட்டில் அது சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி, அவ்வப்போது செய்தாக வேண்டிய காரியம்.

கிட்டாருக்கும் அப்படி ஒரு வேலை உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கல்லூரியில் சீனியர் ஒருவரிடம் 1500 ரூபாய்க்கு ஒரு பழைய கிட்டார் வாங்கினேன். எட்டு மாதம் எஃப் கார்டோடு மல்லுக்கட்டினேன். கற்றுக்கொடுத்தவர் "வலிக்க வலிக்கத்தான் வரும்" என்றார். எஃப் வரவில்லை, கட்டைவிரல் அடியில் வலிதான் வந்தது. கடைசியில் கம்பியை முறுக்குகிற ஒரு சாவி உடைந்து போனதால் ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனேன். அவர் சாவியைப் பார்க்கவே இல்லை. ஆறாவது கம்பியை, அதாவது எல்லாவற்றிலும் தடித்ததை, மூன்றாவது ஃபிரெட்டில் (கிட்டாரில் மெட்டுக்கு ஃபிரெட் என்று பெயர்) அழுத்தி, முதல் ஃபிரெட்டின் மேல் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "தம்பி, இதுல எஃப் பிடிக்கணும்னா கைக்குப் பதிலா குறடுதான் வேணும்" என்றார். சிறு அரத்தால் நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காருகிற சின்னக் கட்டையில்) இருந்த ஆறு வெட்டுகளையும் கொஞ்சம் ஆழப்படுத்தினார். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். அன்று சாயங்காலமே எஃப்பில் ஆறில் நாலு கம்பி பேசியது.

அவர் பார்த்த மாதிரியே நீங்களும் பார்க்கலாம். கம்பியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்திப் பிடியுங்கள். அப்போது முதல் ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே தலைமுடி நுழைகிற அளவு இடைவெளிதான் இருக்க வேண்டும். விரலால் தட்டினால் மெல்லிய 'டிக்' கேட்கும். இடைவெளி கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தால் நட் உயரம். இன்னொரு அடையாளம்: வெறும் கம்பிகளைச் சரியாக ட்யூன் செய்த பிறகும் முதல் ஃபிரெட்டில் அழுத்துகிற சுரம் கூடுதலாக ஒலிக்கும். கம்பியை அவ்வளவு தூரம் கீழே இழுத்து அழுத்துவதால் சுருதி ஏறிவிடுகிறது.

கேப்போ (எல்லாக் கம்பிகளையும் கழுத்தோடு சேர்த்து அழுத்துகிற கவ்வி) இருந்தால் இன்னும் சுலபம். முதல் ஃபிரெட்டில் மாட்டிவிட்டு, அதே எஃப் வடிவத்தை இரண்டாவது ஃபிரெட்டில் பிடித்துப் பாருங்கள். சட்டென்று பாதி பாரம் இறங்கிய மாதிரி இருந்தால் தப்பு உங்கள் கையில் இல்லை.

இப்போது ஏடிஎம் கார்டு. அதன் தடிமன் 0.76 மில்லிமீட்டர். எந்த வங்கிக் கார்டாக இருந்தாலும் அதுதான் அளவு. எண்கள் புடைத்திருக்காத கார்டுகளாகப் பார்த்து மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு மூலையைப் பன்னிரண்டாவது ஃபிரெட்டின் மேல் ஆறாவது கம்பிக்கு அடியில் நுழையுங்கள். மூன்று சேர்ந்தால் ஏறக்குறைய 2.3 மில்லிமீட்டர். ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக்குக்கு அது கிட்டத்தட்ட நல்ல உயரம். கம்பியின் இந்த உயரத்தைத்தான் ஆக்‌ஷன் என்பார்கள். நாலு கார்டு தாராளமாக உள்ளே போனால் ஆக்‌ஷன் அதிகம். முதல் கம்பிக்கு அடியில் இரண்டு கார்டு போய் லேசாக இடம் மிஞ்சினால் சரி. அதிகமாக இருந்தால் சாடிலை (உடம்புப் பக்கம் கம்பி உட்காருகிற துண்டை) தேய்க்கணுமா, ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடுகிற உலோகத் தண்டை) திருகணுமா, பிரிட்ஜ் (கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கிற கட்டை) பின்னால் பலகையே வீங்கியிருக்கிறதா என்று ரிப்பேர்காரர் பார்த்துச் சொல்லட்டும். மழைக்காலத்தில் மரம் ஈரத்தைக் குடித்து உப்பி, ஆக்‌ஷன் தானாகவே கொஞ்சம் ஏறுவதும் உண்டு.

நீங்களே அரம் வாங்கி நட்டைத் தேய்க்க வேண்டாம். இதை அனுபவத்தில் சொல்கிறேன். இரண்டாவது கிட்டாரில் வீடியோ பார்த்து நானே தேய்த்தேன். மூன்றே இழுப்பு அதிகம். முதல் கம்பியை வெறுமனே மீட்டினால் டப்பாவுக்குள் வண்டு மாட்டிய மாதிரி இரைந்தது. எலும்புத் தூளையும் சூப்பர் குளூவையும் அந்த வெட்டில் வைத்து அடைத்து, அதே ரிப்பேர்காரர் மறுபடி அறுத்துக் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

சரி, கிட்டார் ஒழுங்காக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது கை.

எஃப் பிடிக்கும்போது ஆள்காட்டி விரல் ஆறு கம்பியையும் அழுத்த வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தேவையில்லை. ஐந்தாவது, நாலாவது, மூன்றாவது கம்பிகளை மற்ற மூன்று விரல்களும் பார்த்துக்கொள்கின்றன. ஆள்காட்டி விரலுக்கு மிஞ்சுவது ஆறாவது, இரண்டாவது, முதல் கம்பி மட்டும்தான். நடுவில் விரல் லேசாக வளைந்து நின்றாலும் ஒன்றும் ஆகாது. விரலின் உள்பக்கம் சதையும் கணுப் பள்ளமும் இருக்கின்றன. கம்பி அந்தப் பள்ளத்தில் விழுந்தால் எவ்வளவு அழுத்தினாலும் செத்துத்தான் போகும். அதனால் விரலைக் கட்டைவிரல் பக்கமாகக் கொஞ்சம் உருட்டி, எலும்பு தட்டுப்படுகிற ஓரத்தை வையுங்கள். ஃபிரெட்டுக்கு மேலே அல்ல, நட்டுக்குப் பக்கத்திலும் அல்ல, ஃபிரெட்டை ஒட்டி அதற்குச் சற்று முன்னால். இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தினாலே வித்தியாசம் காதில் கேட்கும்.

அப்புறம் அழுத்தம். கட்டைவிரலை இடுக்கி மாதிரி வைத்து நசுக்குவதால்தான் பலருக்கும் வலி வருகிறது. கட்டைவிரலைக் கழுத்தின் பின்னால் வெறுமனே சாய்த்து வையுங்கள், முழங்கையைத் தொங்கவிடுங்கள், அந்தக் கையின் கனமே விரலைப் பின்னால் இழுக்கட்டும். வலது முன்கை கிட்டாரின் உடம்பை லேசாக அணைத்திருந்தால், கட்டைவிரலையே எடுத்துவிட்டும் ஒரு கார்டு பிடிக்கலாம். செய்து பாருங்கள், நம்ப முடியாது.

தினமும் ஐந்து நிமிஷம் இதைச் செய்யுங்கள்: கம்பியை அழுத்தாமல் தொட்டு மட்டும் இருங்கள், வலது கையால் மீட்டிக்கொண்டே இருங்கள். 'டொப்' என்று கேட்கும். மெல்ல மெல்ல அழுத்தம் கூட்டினால் ஒரு கட்டத்தில் இரைச்சல் வரும், அடுத்த நொடி சுரம் தெளியும். அங்கேயே நிறுத்துங்கள். அவ்வளவுதான் தேவை. நாம் வழக்கமாகப் போடுவது அதற்கு எவ்வளவோ மேல். இதையும் முதல் ஃபிரெட்டில் தொடங்காதீர்கள். நட்டுக்குப் பக்கத்தில் கம்பி விறைப்பாக இருக்கும். ஐந்தாவது ஃபிரெட்டில் இதே வடிவம் ஏ மேஜர். அது தெளிவானதும் வாரத்துக்கு ஒரு ஃபிரெட்டாகக் கீழே இறங்கி வாருங்கள்.

வீணையோ சித்தாரோ வாசித்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை இருக்கிறது, எனக்கும் இருந்தது. சின்ன வயதில் அம்மா எனக்குக் கொஞ்சம் வீணை சொல்லிக்கொடுத்திருந்தார். வீணையில் கம்பியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்துத்தான் கமகம் பிறக்கிறது. விரல் வழுக்க வேண்டும் என்று தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்வார்கள். அம்மாவின் இடது ஆள்காட்டி, நடுவிரல் நுனிகளில் கம்பி பதிந்த கோடு நிரந்தரமாகவே இருந்தது. அந்தப் பழக்கம் கையில் இருந்தால் கிட்டார் கார்டு பிடிக்கும்போதும் விரல் தன்னையறியாமல் கம்பியை ஓரமாகத் தள்ளும், கார்டு முழுக்கச் சுருதி பிசகும். ட்யூனரை முன்னால் வைத்து ஒவ்வொரு கம்பியாக மீட்டினால் எது தப்பிப்போகிறது என்று தெரிந்துவிடும். எண்ணெயைக் கிட்டார் பக்கமே கொண்டுவராதீர்கள்.

குட்டை விரல் விஷயத்துக்கு வருகிறேன். ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு 1928-ல் தீ விபத்தில் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் முடங்கிப் போயின. மிச்சமிருந்த இரண்டு விரல்களால்தான் அந்த வேகமான தனி வாசிப்பெல்லாம். பிளாக் சாபத் ராக் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமியின் கதை நம் பேச்சுக்கு இன்னும் நெருக்கமானது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தகரத் தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் 17 வயதில் அவருக்கு வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போயின. அவர் இடது கைக்காரர், கம்பி அழுத்துகிற கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மேலே தோல் ஒட்டிக்கொண்டார், மெல்லிய கம்பிகளைத் தேடிப் போட்டார், பின்னாளில் சுருதியையும் இறக்கிக் கம்பியைத் தளர்த்தினார். பிளாக் சாபத்தின் அந்தக் கனத்த ஒலியில் இதற்கெல்லாம் பங்கு இருக்கிறது. கைக்கேற்ப வாத்தியத்தை மாற்றிக்கொள்வதை யாரும் குறுக்கு வழி என்று சொல்ல முடியாது.

ஆகவே நீங்களும் கம்பியை மாற்றலாம். கடையில் கொடுக்கிற அக்கூஸ்டிக் செட் பெரும்பாலும் 'பன்னிரண்டு', அதாவது முதல் கம்பி 0.012 அங்குலம். 'பத்து' என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு எண்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் இழுவிசை தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. முதல் கம்பி மட்டுமே ஏறக்குறைய 10 கிலோவிலிருந்து 7 கிலோவுக்கு இறங்கிவிடும். சத்தம் கொஞ்சம் மெலியும், அடித்து வாசித்தால் இரையும். கற்றுக்கொள்கிற காலத்துக்கு அது பரவாயில்லை.

நைலான் கம்பிக்குப் போகலாமா என்று அடுத்து கேட்பீர்கள். விரல் நுனிக்கு அது சுகம்தான். ஆனால் நைலான் போடுகிற கிளாசிகல் கிட்டாரின் கழுத்து நட்டருகே சுமார் 52 மில்லிமீட்டர், உங்களுடையது 43 சுற்றி இருக்கும். எஃப் பிடிக்க விரல் இன்னும் நீள வேண்டியிருக்கும். தப்பித் தவறி கிளாசிகல் கிட்டாரில் ஸ்டீல் கம்பி ஏற்றிவிடாதீர்கள். பிரிட்ஜே பெயர்ந்து வந்துவிடும்.

பிக் (கம்பியை மீட்டுகிற சின்னத் தகடு) பற்றியும் கேட்டிருந்தீர்கள். 0.7 மில்லிமீட்டர் பக்கம் ஏதாவது ஒன்றை வாங்குங்கள், இப்போதைக்கு அதில் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

விரல் நுனி எரிவது சகஜம், மூன்று நாலு வாரத்தில் காய்ப்பு ஏறிவிடும். குளித்து வந்த கையோடு உட்காராதீர்கள், ஊறின தோல் கிழியும். மணிக்கட்டு வலியும், விரல் மரத்துப் போவதும் வேறு ரகம். அப்போது நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். "வலிக்க வலிக்கத்தான் வரும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ரிப்பேர்காரரிடம் போனால் "செட்டப் பண்ணணும், நட் உயரமா இருக்கான்னு பாருங்க" என்று சொன்னால் போதும், அவருக்குப் புரியும். போவதற்கு முன்னால் பத்தா பன்னிரண்டா என்று முடிவு செய்து, அந்தக் கம்பியையே போட்டுக்கொண்டு போங்கள். கம்பியின் தடிமனுக்கு ஏற்றபடிதான் அவர் நட்டை வெட்டுவார்.