8,400 ஃபாலோவர்கள், 37 வெள்ளி கமிஷன்

கேள்வி: மலேசியாவில், பினாங்கின் பிறையில் இருக்கிறேன். இன்ஸ்டாகிராமில் தமிழில் சமையல் வீடியோ போடுகிறேன். 8,400 பேர் ஃபாலோ செய்கிறார்கள். இன்சைட்ஸில் (பார்வையாளர் புள்ளிவிவரப் பக்கம்) பார்த்தால் மலேசியர்கள் 31 விழுக்காடுதான், சென்னை முதலிடம். மூன்று மாதத்தில் 61 பொருட்களுக்கு ஷாப்பி இணையக் கடையின் அஃபிலியேட் லிங்க் (அதைத் தட்டி யாராவது வாங்கினால் எனக்குக் கமிஷன்) போட்டேன். 412 கிளிக், 9 ஆர்டர், கமிஷன் 37 வெள்ளி (ரிங்கிட்) 20 காசு. இது போக இரண்டு ஆர்டர் கணக்கில் தெரிந்துவிட்டுப் பிறகு காணாமல் போய்விட்டது. மாதம் 300 வெள்ளியாவது பார்க்க இன்னும் எத்தனை ஃபாலோவர் வேண்டும்? வரி கட்ட வேண்டுமா?

பதில்: ஃபாலோவர் எண்ணிக்கையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். 412 கிளிக்கில் 9 ஆர்டர் என்றால் நூற்றுக்கு இரண்டுக்கும் சற்று மேல். லிங்க்கைத் தட்டுகிறவர்கள் வாங்கத்தான் செய்கிறார்கள். தட்டுகிறவர்கள்தான் குறைவு: ஒரு லிங்க்குக்கு ஏழு கிளிக்கூடத் தேறவில்லை. ஆர்டர் ஒன்றுக்குக் கிடைத்ததும் 4 வெள்ளி 13 காசுதான். கரண்டி, டப்பா, மசாலா பாட்டில் என்று சின்னச் சாமான்களாகவே போட்டிருப்பீர்கள் போலிருக்கிறது.

உங்கள் ஃபாலோவர்களில் மலேசியாவில் இருப்பவர்கள் சுமார் 2,600 பேர். உங்களுக்குச் சந்தை அவ்வளவுதான். தாம்பரத்தில் இருப்பவர் உங்கள் இட்லிக்கு லைக் போடுவார், ஷாப்பி மலேசியாவில் இட்லிப் பானை வாங்கப் போவதில்லை. இங்கே தமிழில் வீடியோ போடும் பெரும்பாலோருக்கு இதே சிக்கல்தான். கணக்கை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டாம். விலையை வெள்ளியில் சொல்லுங்கள். சௌராஸ்தா சந்தையில் காய் வாங்குவதைக் காட்டுங்கள், பாண்டான் இலை, சந்தான் (தேங்காய்ப் பால்), பெலாச்சான் (இறால் விழுது) என்று நம் சமையலறைப் பேச்சிலேயே பேசுங்கள். உள்ளூர்க்காரர்கள் பார்க்கப் பார்க்க, வீடியோவும் அவர்களைப் போன்றவர்களிடமே அதிகம் போய்ச் சேரும். லிங்க்குகளுக்கென்று தனியாக ஒரு வாட்ஸ்அப் சேனலும் தொடங்குங்கள். அதில் 200 பினாங்குக்காரர்கள் சேர்ந்தால், 2,000 வெளிநாட்டு ஃபாலோவர்களைவிட மேல்.

அடுத்தது லிங்க். இன்ஸ்டாகிராமில் வீடியோவுக்குக் கீழே எழுத்தில் போடும் லிங்க்கைத் தட்ட முடியாது. பயோவில் உள்ளதும் ஸ்டோரியில் ஒட்டும் லிங்க் ஸ்டிக்கரும் வேலை செய்யும். அதிலும் ஒரு ஓட்டை உண்டு. ஸ்டிக்கரைத் தட்டினால் சில கைப்பேசிகளில் ஷாப்பி ஆப் திறக்காது, இன்ஸ்டாகிராமின் உள்ளேயே ஒரு பிரவுசர் திறக்கும். அங்கே லாகின் கேட்கும். பார்த்தவர் அதை மூடிவிட்டு, தன் ஆப்பில் பொருளின் பெயரைத் தட்டித் தேடி வாங்கிவிடுவார். விற்பனை நடந்திருக்கும், உங்கள் பெயருக்கு வராமல் போகலாம். ஓர் ஆண்ட்ராய்டு, ஓர் ஐபோன் இரண்டிலும், உங்களுடையது அல்லாத கணக்கில், லிங்க்கைத் தட்டிப் பாருங்கள். பிரவுசரில் நின்றால் ஸ்டோரியிலேயே சொல்லிவிடுங்கள்: "மேலே மூன்று புள்ளியைத் தட்டி, வெளி பிரவுசரில் திறந்துகொள்ளுங்கள்."

லிங்க் உருவாக்கும்போது சப் ஐடி என்று ஒரு கட்டம் இருக்கும். பலர் அதைக் காலியாகவே விட்டுவிடுகிறார்கள். பயோவுக்கு ஒன்று, ஸ்டோரிக்கு ஒன்று, வாட்ஸ்அப்புக்கு ஒன்று என்று பெயர் கொடுங்கள். ஒரே மாதத்தில் எந்த வழியில் ஆர்டர் வருகிறது என்று தெரிந்துவிடும்.

பொருளுக்கு வருவோம். 200 வெள்ளிப் பொருளுக்கு 6 விழுக்காடு கமிஷன் என்று வைத்துக்கொண்டால் ஆர்டருக்கு 12 வெள்ளி. மாதம் 300 வெள்ளிக்கு 25 ஆர்டர் வேண்டும். உங்கள் இப்போதைய விகிதத்தில் அதற்குச் சுமார் 1,150 கிளிக் தேவை. இப்போது மாதத்துக்கு 137 வருகிறது. எட்டு மடங்கு. முடியாததல்ல, ஆனால் அடுத்த மாதமே நடக்காது. விழுக்காடு பொருளுக்குப் பொருள் மாறும், ஆர்டருக்கு உச்சவரம்பும் இருக்கலாம், கணக்கும் பெரும்பாலும் தள்ளுபடி போக வாங்கியவர் கொடுத்த தொகைக்குத்தான். லிங்க் போடுமுன் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

61 பொருள் அதிகம். நாலைந்து போதும், ஒவ்வொன்றையும் நன்றாகக் காட்டுங்கள். இட்லிப் பானை என்றால் அடிப்பக்கத்தில் ஒரு காந்தத்தை ஒட்டிக் காட்டுங்கள். ஒட்டாத வெறும் அலுமினியம் இண்டக்ஷன் அடுப்பில் சூடேறாது, வாங்குகிறவர் மனதில் இருக்கும் முதல் கேள்வியே அதுதான். தட்டுக்கு எத்தனை குழி, மூடி ஆவியில் ஆடுகிறதா என்பதும் தெரியட்டும். இந்தியாவிலிருந்து வரும் மிக்ஸி என்றால் பிளக்கைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். உருண்டைக் கம்பி பிளக் நம் சுவரில் நுழையாது. மலேசியத் தரச் சான்றான சிரிம் ஸ்டிக்கர் இல்லாத மின்சாமானுக்கு எவ்வளவு கமிஷன் கொடுத்தாலும் லிங்க் போட வேண்டாம். இப்படிக் காட்டினால் திருப்பி அனுப்புவதும் குறையும்.

காணாமல் போன இரண்டு ஆர்டருக்கும் அநேகமாக அதுதான் காரணம். ஆர்டர் விழுந்ததும் தெரிவது உறுதியாகாத கமிஷன். பொருள் கைக்கு வந்து, திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகே அது உறுதியாகும். நடுவில் ரத்து செய்தாலோ, வீட்டுக்கு வந்த பொருளைக் காசு கொடுத்து வாங்காமல் திருப்பினாலோ கமிஷனும் போகும். புடவை, சுடிதாரில் இது அதிகம். நிறம் திரையில் ஒன்று, நேரில் ஒன்று. இன்னொன்று, உங்கள் லிங்க்கில் நீங்களே வாங்குவது, கணவர் கணக்கில் அதே முகவரிக்கு வாங்குவது எல்லாம் செல்லாது, கணக்கே முடங்கவும் கூடும். பொதுவாக, வாங்குமுன் கடைசியாகத் தட்டப்பட்ட லிங்க் யாருடையதோ அவருக்கே கமிஷன். அதனால் 11.11 (நவம்பர் 11) விற்பனைக்குப் பத்து நாள் முன்பு நீங்கள் காட்டிய பொருளுக்கு, அன்று காலை இன்னொரு முறை லிங்க் போடுங்கள். தீபாவளிச் சாமான், முறுக்கு அச்சு உட்பட, உங்கள் வீடியோவில் நான்கு வாரம் முன்பே வர வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பார்சலுக்காகப் பண்டிகை காத்திராது.

டிக்டாக் ஷாப்பின் மஞ்சள் கூடையில் இந்த பிரவுசர் தொல்லை கிடையாது, அங்கேயே வாங்கிவிடலாம். அதே வீடியோக்களை அங்கும் போடுங்கள்.

கமிஷன் அதிகம் என்று சர்க்கரை நோய்ப் பொடி, இரத்த அழுத்தக் கஷாயம் எல்லாம் உங்களைத் தேடி வரும். தொடாதீர்கள். 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம், சர்க்கரை, இருதயம், புற்றுநோய் உள்ளிட்ட 20 நோய்களுக்குக் குணமாகும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. "நான் லிங்க் மட்டும்தான் போட்டேன்" என்பது அங்கே எடுபடாது. முகப்பூச்சு என்றால் அதன் நோட் எண்ணை (அறிவிப்புப் பதிவு எண்), மருந்து, ஒப்பனைப் பொருள்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான என்பிஆர்ஏவின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். "இந்த லிங்க்கில் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வரி: 37 வெள்ளியானாலும் அது வருமானம்தான். சம்பளம் முதலியவற்றோடு கூட்டி, கழிவுகள் போக வரி வருமா வராதா என்பது அப்புறம் தெரியும். இதைத் தொடர்ந்து தொழிலாகச் செய்தால் சம்பளக்காரர்களுக்கான பிஇ வரிப் பாரம் போதாது, தொழில் வருமானத்துக்கான பி பாரம் வேண்டும். கெடு ஏப்ரல் 30 அல்ல, ஜூன் 30. கம்பெனிகள் இலவசமாக அனுப்பும் பொருளின் மதிப்பையும் எழுதி வையுங்கள். ரசீதுகளை ஏழு ஆண்டு பாதுகாக்க வேண்டும். தொழிலாகத் தொடங்கினால் 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவு: சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60. உங்கள் மூன்று மாத வரவு அந்த 30 வெள்ளிக் கட்டணத்துக்குப் போய், 7 வெள்ளி 20 காசு மிஞ்சும்.